படுக்க மறுத்த பலகை

உப்பூரணியில் சீமைக்கருவேலத்தை அறுத்து ஒட்டிச் செய்த முதல் பலகை, அழுத்து இயந்திரத்தின் வாய் திறந்ததும், சூடு ஆறட்டும் என்றுகூடக் காத்திராமல், தன் அடி விளிம்பை ஊன்றி மெல்ல எழுந்து கொட்டகையின் நடுவில் நட்டக்குத்தலாக நின்றுகொண்டது. அமலோற்பவம் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, வழியில் நிற்கிறதே, கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள் என்றாள். நான்கு பெண்கள் சேர்ந்து நகர்த்தினார்கள். பலகையும் தகராறு பண்ணாமல் நகர்ந்தது. படுக்க வைத்தபோதுதான் வம்பு. பால் கறக்க எழுப்பிய எருமை மாதிரி, அவசரமே இல்லாமல் அது மறுபடி எழுந்து நின்றது. சாயங்காலம் வரை படுக்க வைத்துப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் வீட்டில் உலை வைக்க நேரமாகிவிட்டபடியால், நின்றால் நிற்கட்டும் என்று கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

சீமைக்கருவேலத்தை வையாத வாய் அந்த வட்டாரத்தில் கிடையாது. நிலத்தடித் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டது, கண்மாயை அடைத்துவிட்டது, முள் குத்தினால் சீழ் வைக்கிறது என்று காலையிலிருந்து ராத்திரி வரை வைவார்கள், வைதுகொண்டே அதை எரித்துச் சோறு பொங்குவார்கள், அதைக் கரியாகச் சுட்டு மூட்டை கட்டி விற்றுப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை எடுப்பார்கள், அடுப்பு அணைந்ததும் மறுபடி வைவார்கள். அதை வேரோடு பிடுங்கச் சொல்லி அரசாங்கம் வருஷா வருஷம் இயந்திரம் அனுப்பும். இயந்திரம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போன இடத்தில் முதல் மழைக்கே மரம் தலைநீட்டி, போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று விசாரிக்கிற தோரணையில் நிற்கும். இந்த அடங்காத மரத்தில்தான் அமலோற்பவம் சுவர் செய்ய வந்தாள்.

அவளும் அந்த ஊர்க்காரிதான், கரி மூட்டம் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடம் ஒன்று ஊருக்குள்ளேயே இருந்ததால் தப்பித்தாள். டிப்ளமோ வரை படித்து, கேரளத்துப் பக்கம் ஒரு பிளைவுட் கம்பெனியில் பசைக்கும் மரத்துக்கும் நடுவில் தன் இளமைக் காலத்தைக் கழித்துவிட்டு, கம்பெனி கழித்துக் கட்டிய பழைய அழுத்து இயந்திரம் ஒன்றோடு திரும்பி வந்தாள். கோணல் மாணலாக வளர்கிற மரத்தில் நீளப் பலகை அறுக்க முடியாது என்பது தெரிந்த விஷயம். அதனால் என்ன, முழங்கை நீளத் துண்டுகளாக அறுத்து, காயவைத்து, முனைகளில் பல் வெட்டிப் பல்லோடு பல் கோத்து நீளப் பட்டியாக்கி, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் பசை தடவி வைத்து, சூட்டில் அழுத்தினால், தூண் இல்லாமலே வீட்டைத் தாங்குகிற பலகை கிடைக்கும் என்று அவள் சொன்னாள். கரிமண்டி முதலாளி, விறகில் வீடு கட்டப்போகிறாளாம் என்று சந்தையில் சொல்லிச் சிரித்தார். மூட்டத்தில் வேலை பார்த்த பெண்கள் ஒன்பது பேர் அவர் சிரித்து முடிப்பதற்குள் அமலோற்பவத்திடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூத்தவள் முத்திருளாயி.

எல்லாம் பள்ளிக்கூடத்துக்காக. உப்பூரணிப் பள்ளியின் பழைய கட்டடத்தை ஆபத்தானது என்று இடித்துப் போட்டுவிட்டு, புதிதாகக் கட்ட ஒருவரும் வராமல், பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஜூனுக்குள் கூரையோடு ஒரு கட்டடம் நிற்காவிட்டால் பள்ளியை மூடி, நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவதாக உத்தரவு வந்திருந்தது. லாரிகள் பறக்கிற அந்தச் சாலையைத் தாண்டி ஆண்பிள்ளைகளை வேண்டுமானால் அனுப்புவார்கள், பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அவர்கள் நேரே மூட்டத்துக்குத்தான் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். முத்திருளாயியின் கடைசி மகள் செவ்வந்தி, நாலாம் வகுப்பு, அதற்குள்ளேயே சனிக்கிழமைகளில் விறகு சுமக்கத் தொடங்கியிருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் அமலோற்பவம் எழுந்து, ஜூனுக்குள் கட்டடம் நிற்கும், நான் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பலகை ஏன் எழுந்து நின்றது என்று கேட்டால், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கரி மூட்டம் போடுகிறவர்கள் விறகைக் குவிக்க மாட்டார்கள், நட்டு வைப்பார்கள். காட்டில் நின்றபோது மண்ணைப் பார்த்திருந்த அடிப்பக்கம் கீழே, நுனி மேலே என்று ஒன்றோடு ஒன்றைச் சாய்த்து வட்டமாக நிறுத்தி, வைக்கோலும் மண்ணும் போர்த்தித் தீ வைப்பார்கள். ஒரு குச்சி தலைகீழாக நின்றாலும் மூட்டம் சரியும் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் ஒரு சாண் துண்டைக் கொடுத்தாலும் அடி எது நுனி எது என்று அவர்கள் கை தானே திருப்பிப் பார்த்துக்கொள்ளும். பலகைக்கு முறை வேறு. அடியும் நுனியும் கலந்து அடுக்க வேண்டும், அப்போதுதான் பலம் சீராகப் பரவும் என்று அமலோற்பவம் படித்திருந்தாள். அதைச் சுண்ணாம்பால் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தாள். அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் ஒன்பது பெண்களும் ஒவ்வொரு நெடுக்குப் பட்டியையும் அடி கீழே நுனி மேலே என்று அடுக்கினார்கள், கூட நின்று அடுக்கிய அமலோற்பவத்தின் கைகளும் அதையேதான் செய்திருந்தன. பலகை தன்னை இன்னும் மரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. இது புரிந்த அன்று அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே மாதிரியே அடுக்கினார்கள். சுவருக்குத்தானே, சுவர் என்றால் நிற்கத்தானே வேண்டும் என்றாள் முத்திருளாயி.

ஊர் இதைப் பற்றி ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, அதற்கு வேறு வேலைகள் இருந்தன. நிற்கிற பலகைகளுக்கு நடுவில் கயிறு கட்டிச் சேலை உலர்த்தினார்கள். டீக்கடைக்காரர் மேற்கு வெயிலுக்கு மறைப்பாக ஒன்றை இரவல் கேட்டு வாங்கிப் போனார். பங்குச் சாமியார் வந்து பார்த்து, உயிர்த்தெழுதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அய்யனார் கோயில் பூசாரி வந்து பார்த்து, சம்பந்தம் இருக்கலாம், எதற்கும் அய்யனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று டீ குடிக்காமலே போனார். யாரோ ஒரு பலகைக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். முத்திருளாயி குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள், பழத்தை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.

"இது வேலைக்கு வந்த பலகை. கும்பிட வந்ததில்ல" என்றாள்.

ஐப்பசியில் ஒரு பேய்க்காற்று அடித்தது. கொட்டகையின் தகரம் பறந்தது, கரிமண்டியின் ஓடுகள் பறந்தன, செல்போன் கோபுரம் ஒன்று முட்டி மடங்கிப் படுத்தது, வெட்டவெளியில் நின்ற பலகைகள் மட்டும் இம்மி நகரவில்லை. ஊரின் ஆடுகளும் பாதி ஜனங்களும் காற்று ஓயும்வரை அவற்றின் முதுகுப் பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு பலகைகளைப் பற்றி ஒருவரும் கேலி பேசவில்லை. கரிமண்டி முதலாளிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. தன் முன்னால் தலை குனிந்து நின்று பழகிய பெண்கள் அந்தக் கொட்டகைக்குப் போன பிறகு குனிய மறந்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பலகை காரணமா, ஒழுங்காகக் கைக்கு வந்த சம்பளம் காரணமா என்று யாரும் ஆராயவில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் சான்றிதழ் வேண்டும். பலகையின் பலத்தைச் சோதித்து எழுதிக் கொடுத்தால்தான் ஒன்றியப் பொறியாளர் திருஞானம் அனுமதிக் கையெழுத்துப் போடுவார். தை பிறந்ததும் ஒரு பலகையை லாரியில் ஏற்றினார்கள், அது லாரியிலும் நின்றது, மின்கம்பி வருகிற இடங்களில் எல்லாம் ஆள் இறங்கி மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, பாலம் வருகிற இடங்களில் எல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போக, ஒரு வழியாகப் பெரிய ஊர்ப் பரிசோதனைக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே முறை என்னவென்றால், பலகையை இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் படுக்க வைத்து, நடுவில் பாரம் ஏற்றிக்கொண்டே போய், எதில் முறிகிறது என்று பார்ப்பார்கள். ஆறு பேர் படுக்க வைத்தார்கள், எழுந்து நின்றது. சங்கிலியால் கட்டினார்கள், சங்கிலியோடும் தாங்கியோடும் எழுந்து நின்றது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் போராடினார்கள். கடைசியில் முடிவு எழுதுகிற இடத்தில், மாதிரி ஒத்துழைக்கவில்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

திருஞானமும் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்காதவர், விதிப்புத்தகத்தை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காதவர், அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. முறியாத ஒன்று எவ்வளவு தாங்கும் என்று தனக்கு எப்படித் தெரியும், தெரியாமல் பிள்ளைகளை அதன் கீழே எப்படி உட்கார வைப்பது என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான் என்பதால் அமலோற்பவத்துக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

இதற்கு நடுவில் கூரை வேலை வந்தது. கூரை படுத்துத்தான் ஆக வேண்டும். அதற்காக முதல் முறையாகச் சுவரில் எழுதியிருந்தபடி, ஒரு பட்டி அடி கீழே, அடுத்த பட்டி அடி மேலே என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கை கூசியது. முத்திருளாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்கினாள், ஒருத்தி மாதாவை வேண்டிக்கொண்டு அடுக்கினாள். வெளியே வந்த பலகை, எந்தப் பக்கம் வானம் என்று தெரியாமல், வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. பரிசோதனைக்கூடத்தில் சாதுவாகப் படுத்தது, எதிர்பார்த்ததற்கும் மேலான பாரத்தில் முறிந்தது, நல்ல மதிப்பெண்ணோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தது. இப்படியாக உப்பூரணிப் பள்ளிக்கூடத்தின் கூரைக்கு அனுமதி கிடைத்தது, அதைத் தாங்குகிற சுவருக்குக் கிடைக்கவில்லை.

திருஞானம் அவளைக் கூப்பிட்டனுப்பி, நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்.

"கூரைக்குச் செஞ்ச மாதிரியே சுவருக்கும் செஞ்சிருங்கம்மா. நாளைக்கே கையெழுத்துப் போடுறேன். நிக்கிறதையெல்லாம் மூட்டத்துல போட்டுக் கரியாக்கிருங்க."

அமலோற்பவம் அன்று பஸ் ஏறாமல் நடந்தே ஊருக்கு வந்தாள். அவர் சொன்னதைச் செய்தால் சுவர் நிற்கும், அது அவளுக்குத் தெரியும்; பசையும் மரமும் தெரிந்தவள் அவள், பொய் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் பலகைகளை மறுபடி செய்ய ஜூன் வரை நாள் போதாது. நாள் போதுமாயிருந்தாலும் அவள் செய்திருக்க மாட்டாள். மழைக்காலம் முழுக்க ஒன்பது பெண்கள் கை கொப்பளிக்கச் செய்தது, பேய்க்காற்றில் ஊருக்கே முதுகு கொடுத்தது, அதன் குற்றம் நிமிர்ந்து நிற்பது ஒன்றுதான் என்றால், அந்தக் குற்றத்துக்காக அதை எரிக்க அவளால் முடியாது. கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. வெயிலில் நடந்து வந்து சேர்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல், நாளைக்குச் சுவர் நிறுத்துகிறோம் என்று பெண்களிடம் சொன்னாள். அனுமதி வந்துவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள். கூரைக்கு வந்திருக்கிறது, கூரை அந்தரத்தில் நிற்காது என்று அமலோற்பவம் பதில் சொன்னாள்.

முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, சாரம் கட்ட வேண்டியிருக்கவில்லை. பலகைகளைக் கொண்டுபோய், முன்பே போட்டு வைத்திருந்த அடித்தளத்தில் வெட்டிய காடியில் வைத்ததும், இங்கேதான் வளரப் போகிறோம் என்று தெரிந்துவிட்ட மாதிரி நின்றுகொண்டன. கதவுக்கு இடம், ஜன்னலுக்கு இடம் விட்டு, மூலைகளில் இரும்புப் பட்டை முடுக்கி, ஊரே கூடிச் சங்கிலிக் கப்பியில் கூரையை ஏற்றி வைத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தார்கள். செவ்வந்தி முதல் வரிசையில் இடம் பிடித்தாள். டீச்சருக்கு மட்டும் வேலை போய்விடுமோ என்று உள்ளூர நடுக்கம், ஆனாலும் வருகைப்பதிவு எடுத்தார்.

அனுமதியில்லாத கட்டடத்தை அகற்றச் சொல்லி ஒட்டிய நோட்டீஸ் காற்றில் கிழிந்து போன வாரத்தில், ஒரு மத்தியானம், திருஞானம் ஜேசிபியோடு வந்தார். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகச் சொன்னார், டீச்சர் அழைத்துப் போனார். கட்டடத்தின் முன்னால் படுத்துக்கொள்ளலாம் என்று பெண்களில் சிலர் கிளம்பினார்கள். அமலோற்பவம் தடுத்து எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விட்டாள். யாரும் படுக்க வேண்டாம், தள்ளட்டும், என்றாள்.

ஜேசிபிக்காரர் அந்த வட்டாரத்துச் சீமைக்கருவேலத்தை எல்லாம் பிடுங்கிப் பழகியவர், அதனால் அலட்சியமாக வாளியை உயர்த்திச் சுவரில் வைத்துத் தள்ளினார். சுவர் நின்றது. பின்னால் போய் வேகமாக வந்து தள்ளினார், பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, புழுதி பறந்தது, சுவர் நின்றது. கட்டடத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார், மூலையில் தள்ளினார், ஒரு குழாய் வெடித்து எண்ணெய் பீய்ச்சி அடித்ததும் இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது வேரோட நிக்கிறாப்புல இருக்கு சார் என்றார். திருஞானம் போன் பண்ணி அதைவிடப் பெரிய இயந்திரம் ஒன்றைச் சாலை வேலையிலிருந்து வரவழைத்தார். அது வந்து, நகங்கள் உள்ள வாளியால், வெயில் தாழும்வரை தள்ளியது. நகம் ஒன்று வளைந்தது. கூரையிலிருந்து ஒரு கைப்பிடித் தூசி உதிர்ந்தது. சுவரின் அடியில் ஒரு நூல் அளவுகூட விரிசல் இல்லை என்பதைத் திருஞானமே குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவர் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. வேலைக்கு இடையூறு செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று அமலோற்பவத்தைக் கேட்டார்.

"நாங்க மரத்தடிய விட்டு நகரவே இல்லையே சார். மறிச்சது சுவரு. கையெழுத்து அதுகிட்ட வாங்கிக்கங்க" என்றாள் அவள்.

வேப்பமரத்தடியில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அமலோற்பவம் சிரிக்கவில்லை. அவள் மரத்தடியை விட்டு வெயிலுக்கு வந்து, இரண்டு இயந்திரக்காரர்களிடமும் போய், எவ்வளவு பாரத்தில் தள்ளினீர்கள் என்று கேட்டாள். சின்ன இயந்திரக்காரர் தன்னுடையதைச் சொன்னார், பெரிய இயந்திரக்காரர் அதைப் போல மூன்று மடங்கு சொன்னார். கூரையும் பிள்ளைகளும் பேய்க்காற்றும் சேர்ந்து வந்தாலும் அந்தச் சுவருக்கு வரக்கூடியதைவிட அது எத்தனையோ அதிகம் என்பது அவளுக்குத் தெரியும், திருஞானத்துக்கும் தெரியும். அவள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எவ்வளவு தாங்கும்னு தெரியாம எப்படிப் பிள்ளைகள உக்கார வைக்கன்னு கேட்டீக. நியாயமான கேள்வி. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. எழுதுங்க."

விதியில் படுக்க வைத்து முறிக்கிற சோதனைதான் இருக்கிறது, நிற்க வைத்துத் தள்ளுகிற சோதனை இல்லை, அதை எழுதப் படிவத்தில் நிரலே கிடையாது என்றார் திருஞானம். குரலில் பழைய உறுதி இல்லை.

"நிரல் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க. எழுத மாட்டேன்னா நாளைக்கும் வாங்க, நாளன்னைக்கும் வாங்க, வேற மிஷினு கொண்டாங்க. பிள்ளைகளுக்கு மத்தியானம் மட்டும் லீவு விட்டுக்கிறோம். நீங்க தள்ளிக்கிட்டே இருங்க, அதுக படிச்சுக்கிட்டே இருக்கும்."

திருஞானம் ஜேசிபியின் சக்கரத்தின் மேல் கோப்பை விரித்து வைத்து, இடிப்பு உத்தரவின் ஓரத்தில், இன்ன இன்ன இயந்திரத்தால் இவ்வளவு பாரத்தில் நான்கு பக்கமும் தள்ளிப் பார்க்கப்பட்டது என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, நிற்கிறது என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அமலோற்பவம் வாங்கி நிதானமாகப் படித்தாள். முத்திரை இல்லையே என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் பையைத் திறந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, குத்திக் கொடுத்தார்.

அவள் நன்றி சொல்லவில்லை. மரத்தடியைப் பார்த்துத் திரும்பி, நாளைக்குக் காலையிலிருந்து முழு நாளும் பள்ளிக்கூடம் உண்டு என்று, அவர் காதிலும் விழுகிற மாதிரி, சத்தமாகச் சொன்னாள்.